பத்தொன்பதாம் நோன்பு, மூன்றே முக்கால் மணி

டிவியில் கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்று முதுகில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். நடுவில் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பெருநாளுக்கு என் அக்காவும் மச்சானும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் மகனும் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டு ஹால் டிவியில் சொருகினான். திரையில் வந்து நின்றது யார் தெரியுமா? நம் ஆட்கள். சட்டை போடாத இரண்டு பட்டாளத்தான்கள், ஆளுக்கொரு துப்பாக்கியோடு காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்களே, அதே கேம். அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து பாகம் வந்துவிட்டதாம். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு, முதல் பாகத்தை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

"மாமா, இதை அந்தக் காலத்துல யாருமே நேர்வழியில முடிச்சதில்ல. முப்பது ஆள் கிடைக்கிற மாதிரி, பட்டனை வரிசையா அமுக்குற ரகசியக் கோடு ஒண்ணு இருக்கு. அதப் போட்டுத்தான் முடிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"யாருலே சொன்னது?"

"எல்லா வீடியோலயும் சொல்றாங்க மாமா. மூணு ஆளை வச்சு முடிக்கிறது மனுசனால ஆகாது. அதுக்குத்தான் இதுல ஒரு வசதி வச்சிருக்காங்க, பாருங்க. செத்துட்டா இந்தப் பட்டனை அமுக்குனா பத்து செகண்ட் பின்னாடி போயிரும். செத்ததே இல்லன்னு ஆயிரும்."

செத்ததே இல்லை என்று ஆகிவிடுமாம்! நெஞ்சு கொதிக்காதா? மூன்று ஆள், மூன்று சாவு, முடிந்தால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடு. அதுதான் கேம். எங்களுக்குக் கோடும் தெரியாது, பின்னால் போகிற பட்டனும் கிடையாது. திண்டுக்கல்லில், பேகம்பூரில், மூன்று ஆளை வைத்து அந்தக் கேமை முடித்தார்கள். முடித்ததற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது.

அக்கா வீட்டாரைத் தவிர, அந்த அத்தாட்சியைப் பார்க்காதவன் என்னைத் தெரிந்தவர்களில் இல்லை. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று வத்தலக்குண்டு ரோட்டில் என் பட்டறையில் எழுபது பேர் உட்கார்ந்து தோல் கையுறை தைக்கிறார்கள். வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற கையுறை. கப்பலேறிப் போகிறது. அந்தப் பட்டறையில் என் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், லேமினேஷன் போட்ட ஒரு பழைய நோன்பு அட்டை தொங்கும். விடியுமுன் சாப்பிடுகிற சஹர் முடியும் நேரம், நோன்பு திறக்கும் நேரம் முப்பது நாளுக்கும் போட்டு ஒரு ஜவுளிக்கடை அச்சடித்துக் கொடுத்தது. பார்க்க வருகிறவர்கள் என்னை ரொம்பப் பக்திமான் என்று நினைத்துக்கொள்வார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பத்தொன்பதாம் நோன்பு வரிசையில், ஓரத்தில், நீல மையில் குண்டு குண்டாக ஒரு எழுத்து. "கேம் முடித்தது" என்று போட்டு என் பெயர். கீழே, மூன்றே முக்கால் மணி.

முப்பது வருடமாக நான் அதைக் காட்டிப் பேசியிருக்கிறேன். வெளிநாட்டுக்காரனிடம்கூட மொழிபெயர்க்கச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நோன்பு மாதம். எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் தெருக்கோடியில் சவுதி மாமி வீடு. மாமா சவுதியில் இருந்தார், அதனால் மாமிக்கு அந்தப் பெயர். முந்தின லீவுக்கு வந்தபோது ஒரு கலர் டிவியும், டிவியில் சொருகுகிற கேம் பெட்டியும், மஞ்சள் நிறக் கேசட் ஒன்றும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மாமி கெட்டிக்காரி. முன் அறையில் டிவியை வைத்து, தெருப் பையன்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டாள்.

அந்த அறையின் வாசனை எனக்கு இன்னமும் மூக்கில் இருக்கிறது. சூடான பிளாஸ்டிக், சாம்பிராணி, மூலையில் மூட்டை கட்டி வைத்திருந்த சவுதிப் போர்வை. அடாப்டர் சூடாகிவிடும் என்று மாமி அதன்மேல் ஈரத்துணி சுற்றி வைப்பாள். கரண்டோடு ஈரத்துணி! எவரும் சாகாமல் இருந்தது அல்லா காரியம். ஒரு மணிக்கு ஒரு தடவை டிவிக்கு ஓய்வு. "எந்திரிங்கலே, டியூபு மூச்சு விடட்டும்" என்பாள். பத்து நிமிடம் எல்லாரும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த மாதிரி.

கேசட் சில சமயம் பிடிக்காது. எடுத்து வாயால் ஊதிச் சொருக வேண்டும். நோன்பு மாதத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. நோன்பு வைத்தவன்தான் ஊத வேண்டும். காய்ந்த வாய், எச்சில் படாது, கேசட் ஒரே ஊதலில் பிடித்துக்கொள்ளும். ஒருவன் ஊதி நாலு தடவையும் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு அவன் நோன்பு முறித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவோம்.

"ஏலே, எங்கலே பரோட்டா தின்ன?"

"சத்தியமா நோன்புலே!"

"அப்ப ஏன்லே கேசட்டு கொழகொழங்குது?"

மதியம் லுஹர் தொழுகை முடிந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் பையன்கள் குர்ஆன் ஓதப் பள்ளிவாசலில் இருக்க வேண்டும். ஓதாமல் நழுவி வந்த என்னைத் தவிர, அந்த நேரம் மாமி வீடு காலி. அந்த நேரத்தில்தான் என் அக்கா அங்கே வரும்.

அக்கா அப்போது பிளஸ் டூ. எங்கள் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ அவ்வளவு தூரம் படித்தது அதுதான் முதல். பெருநாள் கழிந்து பத்து நாளில் பரீட்சை. ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அதை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, தினம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, மறுபடியும் உள்ளே வைக்கும். பாத்திரம் விளக்கும்போதும் அந்த நம்பரை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "டிக்கெட் தொலைஞ்சாலும் நம்பர் தொலையக் கூடாதுல்ல" என்று சொல்லும்.

சவுதி மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கத்தான் அக்கா அங்கே போக ஆரம்பித்தது. ஒரு நாள் கடிதம் முடிந்ததும், ஆட ஆள் இல்லாமல் நான் தனியாகச் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "நகருடா" என்று இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தது. முக்காட்டை இரண்டு காதுக்கும் பின்னால் சொருகிக்கொண்டது. நான் இளக்காரமாகச் சிரித்தேன்.

நாலே நாள். நாலாவது நாள் நான் செத்துப்போன பிறகும் அக்காவின் ஆள் ஓடிக்கொண்டிருந்தான்.

அக்கா பட்டனைச் சகட்டுமேனிக்கு அமுக்காது. நாமெல்லாம் கட்டைவிரல் வீங்குகிற மாதிரி அமுக்குவோமே, அப்படி இல்லை. முதலில் சும்மா பார்க்கும். எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணும். "மூணு பேரு வாரான், செத்த நேரம் ஒருத்தனும் இல்ல, அப்புறம் ரெண்டு பேரு. அந்த செத்த நேரத்துல தாவிரணும்டா." பரீட்சைக்குப் படித்த மாதிரியே கேமையும் படித்தது. பசி தெரியாமல் போகிறது என்று சொல்லும். அஸர் பாங்கு சொன்னதும் எழுந்து போய்விடும். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நோன்புக் கஞ்சிக்கு ஓடுவேன்.

அந்தக் கேமில் ஒரு அருவி வருமே, ஞாபகம் இருக்கிறதா? பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். படுபாவிகள் அதை எப்படிச் செய்திருந்தார்கள் என்றால், ஒருவன் மேலே போனால் திரையும் கூடவே மேலே போய்விடும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே விழுந்து செத்துவிடுவான். எதிரி வேண்டாம், கூட வந்தவனே போதும். நான் எப்போதும் முந்திக்கொண்டு தாவுவேன். அக்கா எத்தனை ஆளை அந்த அருவியில் என்னால் இழந்ததென்று கணக்கே இல்லை. "நில்லுடா, நானும் வாரேன்ல" என்று மட்டும் சொல்லும். அது முன்னால் போன நாட்களில் பாறையில் நின்று, நான் ஏறி வந்த பிறகுதான் அடுத்த பாறைக்குத் தாவும். குண்டு வந்தாலும் அங்கேயே குனிந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஆள் எல்லாம் தீர்ந்துவிட்டால், பட்டனை அமுக்கினால் போதும், கூட ஆடுகிறவருடைய ஆளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதுகூட இல்லை. நான் கேட்டதும் இல்லை.

பத்தொன்பதாம் நோன்பு அன்று கடைசி வாசல் வரை போய்விட்டோம். என் மூன்று ஆளும் பனிமலையிலேயே போய்விட்டார்கள். அக்காவின் ஆளில் ஒன்றை எடுத்தேன், அதுவும் போயிற்று. இன்னும் ஒன்றை எடுத்துக் கடைசி வாசலுக்கு முன்னால் அதையும் தொலைத்தேன். அக்காவிடம் ஒரே ஓர் ஆள். திரையில் சுவர் முழுக்கத் துடிக்கிற ஒரு சதைக் கட்டி, அதிலிருந்து மழையாகக் குண்டு. மாமி சமையலறையிலிருந்து வடை மாவுக் கையோடு வந்து நின்றாள். நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு "குனி! குனி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அக்கா கத்தவே இல்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

கட்டி வெடித்தது. திரை வெள்ளையாகி, ஒரு ஹெலிகாப்டர் பறந்து போனது. அந்தப் பாட்டை எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

"யா அல்லா, முடிச்சிட்டாளே!" என்றாள் மாமி. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நோன்பு அட்டையைக் காட்டி, "இன்னைக்கு வரியில எழுதும்மா, யாரு முடிச்சதுன்னு. சவுதிக்கு எழுதுறப்ப அதையும் எழுதணும்" என்றாள்.

அக்கா பேனாவை எடுத்து என் முகத்தைப் பார்த்தது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அழுகிற மாதிரி இருந்தேன். அக்கா என் பெயரை எழுதியது. மணியைப் பார்த்து, மூன்றே முக்கால் என்று போட்டது.

அட்டையை எனக்குக் கொடுங்கள் என்று மாமியிடம் கெஞ்சினேன். "எடுத்துட்டுப் போ. நேரம் பாக்கப் பள்ளிவாசல் சங்கு இருக்கு" என்றாள். சட்டைக்குள் சொருகிக்கொண்டு பள்ளிவாசல் சுவரோரம் ஓடினேன். கஞ்சிக்கு வரிசை நின்ற பையன்களிடம் காட்டினேன்.

"ஒத்தையிலயாலே முடிச்ச?"

"ஒத்தையிலதான்."

இதைப் படிக்கிற பேகம்பூர்ப் பையன்களே, நீங்களும்தான் நின்றீர்கள் அந்த வரிசையில். உங்களில் ரெண்டு பேர் என்னைத் தோளில் தூக்கினீர்கள்.

நாங்கள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்றரைக்கும் மூன்றே முக்காலுக்கும் நடுவில், என் பெரியத்தா அந்தத் தெருவழியே தொழுகைக்குப் போயிருக்கிறார்.

அத்தா என்றால் அப்பா; பெரியத்தா என் அத்தாவுக்கு மூத்தவர். அவருக்குத் தோல் பதனிடுகிற ஷாப் இருந்தது. அத்தா அண்ணனிடமே வேலை பார்த்தார். ஊரில் பாதிப் பேர் காலில் கிடப்பது பெரியத்தாவின் தோலில் தைத்த செருப்பு. ஒரு வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் இதை வேடிக்கையாகச் செய்துகாட்டி ஆளாளுக்குப் பரிசாக நீட்டுகிற வெற்றிலையை வாங்கிக்கொள்வார். அவ்வளவு கர்வம் அவருக்கு.

சவுதி மாமி வீடு மேற்குப் பார்த்த வீடு. லுஹருக்குப் பிறகு வெயில் நேராக டிவியில் விழும். ஒன்றும் தெரியாது. அதனால் கதவைச் சாத்தித்தான் ஆடுவோம். அன்றும் சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று அக்காவுடையது, வார் அறுந்து நீல நூலால் தைத்தது. இன்னொன்று தடித்த தோல், டயர் அடி வைத்த ஆண் செருப்பு. சவுதி மாமாவின் தம்பி செருப்பு அது. அந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ரேடியோ கடையில் வேலை பார்த்த, கல்யாணம் ஆகாத பையன்.

செருப்பு அவருடையதுதான், அதில் பெரியத்தா தப்பே செய்யவில்லை. ஆனால் அந்தத் தம்பி நோன்பு தொடங்கின வாரம் கேன்வாஸ் ஷூ வாங்கிவிட்டார். பழைய செருப்பு அன்றிலிருந்து வாசலிலேயே கிடந்து தூசி பிடித்துக்கொண்டிருந்தது. அவர் காலையில் ஷூ போட்டுக்கொண்டு வேடசந்தூருக்கு ரேடியோ பழுது பார்க்கப் போயிருந்தார். என் செருப்பு ஏன் இல்லை என்றால், முதல் வாரம் ராத்திரித் தராவீஹ் தொழுகையில் எவனோ என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் சொன்னால் அடி என்று வெறுங்காலோடு ஒளிந்து திரிந்தேன்.

சாத்திய கதவு, ஒரு பெண் செருப்பு, ஓர் ஆண் செருப்பு. பெரியத்தாவுக்கு அது போதும். கதவைத் தட்டினாரா? ஒரு தட்டு. ஒரு விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். உள்ளே வடை மாவுக் கையோடு ஒரு பொம்பளை, வெறுங்காலோடு ஒரு பையன், ஜாய்ஸ்டிக்கோடு ஒரு பெண் பிள்ளை, எல்லாரும் தெரிந்திருப்பார்கள். தட்டவில்லை. தட்டினால் அசிங்கமாம்! தட்டாமல் போய், தொழுது, நோன்பு திறந்து, ஏழு பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்துப் பேசினாரே, அதில் மட்டும் அசிங்கம் இல்லையா?

மறுநாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பேச்சு. அத்தா தூணோடு தூணாக நின்றார். ரேடியோ கடைத் தம்பி தன் ஷூவைக் கழற்றிக் காட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும், என் தோலு எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியத்தா. தெரியும் பெரியத்தா. தோல் தெரிந்தது. அதற்குள் கால் இருந்ததா என்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை.

சவுதி மாமி வாசல் படியோரம் வந்து நின்று, முக்காட்டுக்குள்ளிருந்தே சத்தமாகச் சொன்னாள். "கதவு சாத்துனது வெயிலுக்கு. அந்தப் புள்ள கேம் ஆடுச்சு. நான் அடுப்படில இருந்தேன். அந்தப் பயலும் கூடத்தான் இருந்தான். அவனக் கேளுங்க."

"பொம்பளப் புள்ள கேமு ஆடுச்சா? இது என்ன புதுக் கதையா இருக்கு" என்று ஒருவர் சிரித்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பதிமூன்று வயதுப் பையனை, ஏழு தாடிகளுக்கு நடுவில் நிறுத்திக் கேட்டார்கள்.

"நேத்து அஸருக்கு முந்தி எங்கலே இருந்த?" பெரியத்தா.

"ஓதிக்கிட்டு இருந்தேன்."

"சவுதிக்காரர் வீட்டுக்குப் போகலையா?"

அட்டை என் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. என் பெயர், அன்றைய தேதி, மணி, எல்லாம் அதில் இருந்தது. வெளியே எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் எடுத்தால் ஓதாமல் கேம் ஆடியது தெரியும். செருப்புத் தொலைந்தது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கேமை அக்காதான் முடித்தது என்று மாமி அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். சுவரோரம் நீங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"போகல பெரியத்தா."

நீங்களும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவனவன் வேறு நாட்களில் ஓதாமல் நழுவிய கதை வெளியே வரும். சின்னப் பையன்கள், அதை விடுங்கள். அந்த ஏழு பேரில் ஒருவராவது "அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்போம்" என்றார்களா? முந்நூறு அடி தூரத்தில் வீட்டில்தான் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. மாமி சொன்னது பொய் என்று ஆனது. மாமி கேமைப் பூட்டி வைத்தாள். அந்தப் பெருநாளில் என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

"நடந்துச்சோ நடக்கலையோ, பேச்சு வந்துருச்சு. பெருநாள் முடிஞ்சதும் முடிச்சிருவோம்" என்றார் பெரியத்தா. அத்தா அண்ணன் பேச்சைத் தாண்டியதில்லை. பெருநாள் கழிந்து ஆறாம் நாள் நிக்காஹ். நிலக்கோட்டையில், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். மச்சான் நல்ல மனிதர், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பரீட்சை எழுதிவிட்டு வரட்டும் என்று அக்கா ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கேட்டது. "புது வீட்டுல போய் இறங்குனதும் பரீட்சைன்னு சொன்னா என்ன நெனப்பாக?" என்றாள் அம்மா. பரீட்சை தொடங்கிய அன்று காலை அக்கா நிலக்கோட்டையில் மல்லிகைப் பூவை எடை பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்ததே அக்காதான். அது போன பிறகு எட்டாம் வகுப்பு எனக்கு ஏறவில்லை. பெரியத்தாவின் தோல் ஷாப்பிலேயே போய்ச் சேர்ந்தேன். நான் சுயமாக மேலே வந்தவன் என்று எல்லா மேடையிலும் சொல்வேன். வந்தேன்தான். அருவியில் ஏறின மாதிரியே வந்தேன்.

பெருநாளுக்குத் திரும்ப வருகிறேன். அக்கா மகன் "மனுசனால ஆகாது" என்றதும் எனக்கு ரோஷம் வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினேன். பட்டறையிலிருந்து அட்டையையும் எடுத்துவரச் சொன்னேன். வந்தது. அதை அவன் கையில் கொடுத்தேன்.

"படிலே. சத்தமாப் படி."

படித்தான். அவன் படித்த நேரத்தில் நான் அருவியில் மூன்று ஆளையும் தொலைத்தேன். சமையலறை வாசலில் அக்கா நின்றது. அதற்கு இப்போது மூட்டு வலி, சர்க்கரை, கண்ணாடி. பிரியாணிச் சட்டியைத் துடைத்த துணி கையில் இருந்தது.

"மூணாவது பாறையில ஏன்டா தாவுற? அங்க நின்னுல்ல போகணும்."

"அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் மகன்.

"தெருப் பையங்க ஆடுறதப் பாத்திருக்கேன்" என்றது அக்கா. முப்பது வருடம் கழித்தும், பெற்ற பிள்ளையிடமும், எனக்காகப் பொய்.

நான் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை நீட்டினேன். அக்கா மச்சானைப் பார்த்தது. மச்சான் காலை மடக்கி இடம் விட்டார். உட்கார்ந்தது. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் சொருகியது.

பின்னால் போகிற பட்டனை யாரும் தொடக் கூடாது என்றேன். அருவி வந்தது. முதல் பாறை, இரண்டாம் பாறை. நான் முந்திவிட்டேன், விரல் பழக்கம் அப்படி. திரை மேலே நகர்ந்தது. அக்காவின் ஆள் கீழே விளிம்பில் நின்றான். அப்போது ஜாய்ஸ்டிக்கை விட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். மேலிருந்து கல் ஒன்று உருண்டு வந்து என் ஆளைத் தட்டிக் கொன்றது. தட்டட்டும் என்று இருந்தேன்.

"என்னடா, ஆடாம நிக்கிற?"

"நீ வா" என்றேன்.

அதற்கு மேல் என்னால் ஆட முடியவில்லை. என் கண்ணுக்குத் திரை தெரியவில்லை. அக்கா தனியாக ஆடியது. அவசரமில்லாமல், உதட்டில் எண்ணிக்கொண்டே. பனிமலையில் கடைசி ஆளும் போயிற்று. "விரலு மடங்க மாட்டேங்குதுடா" என்று வைத்துவிட்டது. மகன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இந்த அட்டையில இருக்கிறது பொய்லே" என்றேன் அவனிடம். பத்தொன்பதாம் நோன்பு, கதவு, செருப்பு, தாழ்வாரம், சட்டைக்குள் இருந்த அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மடியில் கிடந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தது.

"நான் அன்னைக்கு இதைக் காட்டியிருந்தா கேட்டிருப்பாங்களாக்கா?"

என்னைத் தேற்றும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, அந்தத் தேறுதலுக்காகத்தான் கேட்டேன்.

"தெரியலடா. நீ காட்டிப் பாத்திருக்கலாம்."

நான் போய்த் தோல் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தேன். லேமினேஷன்மேல் பேனா பிடிக்காது. ஓரத்தைக் கீறி உரித்தேன். முப்பது வருடத்துக் காகிதம், பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கப் பார்த்தது. என் பெயரை அடித்தேன். பக்கத்தில் அக்கா பெயரை எழுதினேன். என் எழுத்து அதன் எழுத்துப் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை, கோணல் மாணலாக இருந்தது.

அக்கா கண்ணாடியை மேலே தள்ளி, கிட்டே வைத்துப் பார்த்தது. திருப்பிக் கொடுத்தது.

"இன்னும் கொஞ்சம் இடம் இருக்குல்ல. இதையும் எழுது" என்று ஒரு நம்பரைச் சொல்லத் தொடங்கியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது இலக்கத்தில் புரிந்தது. ஹால் டிக்கெட் நம்பர். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக எழுதினேன். மையும் வியர்வையும் கலந்துவிடாமல் கையைத் துடைத்துத் துடைத்து எழுதினேன்.

அட்டை இப்போது லேமினேஷன் இல்லாமல் அதே ஆணியில் தொங்குகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் இனி கிட்டே போய்ப் படிக்கட்டும். கஞ்சி வரிசையில் என்னைத் தோளில் தூக்கிய இரண்டு பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் தூக்கியது தப்பான ஆளை.